ஏழரை மணி ஊசியும் ஒன்பதரை மணிச் சோறும்

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? நீங்களும் எங்களைப் போல ஆளுக்கொரு நேரத்தில் தட்டெடுக்கும் குடும்பமா? அப்படியானால், "இந்த வாரம் ஒரு நாளாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்று நாள் குறிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. மருந்துச் சீட்டில் "சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு" என்று எழுதியிருந்தது. அந்த அரை மணி நேரத்தில் சாப்பாடு வரவில்லையென்றால் என்ன ஆகும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது சீட்டின் எந்த மூலையிலும் இல்லை. எங்கள் சொந்தத்தில் சர்க்கரை நோய் இல்லாத வீடு கிடையாது. கல்யாண வீடுகளில் நாள்முழுக்கப் பாகற்காய்ச் சாறு, வெந்தயம் என்று வைத்தியம் பேசுகிற அத்தனை பேரில் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. நான் தெரிந்துகொள்வதற்கு 42,000 ரூபாயும், வீட்டில் நான் மட்டும் தனியாக நின்ற ஒரு மணி நேரமும் ஆயின. பணத்தைச் சேர்த்துவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கைகால் நடுங்கும்.

நாங்கள் கோவையில், கணபதிப் பக்கம் இருக்கிறோம். கணவர் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. ஆர்டர் இருந்தால் இரவு பத்து மணி, இல்லையென்றால் ஆர்டர் தேடிக்கொண்டு இரவு பத்து மணி. மகளுக்குச் சரவணம்பட்டியில் வேலை. அமெரிக்காக்காரர்கள் விழித்திருக்கும் நேரம்தான் அவளுக்கு அலுவலகம். மாலையில் கார் வந்து கூட்டிப்போகும், விடிவதற்கு முன்னால் கொண்டுவந்து விடும். மகன் பிளஸ் டூ. பள்ளி முடிந்ததும் நேராகக் காந்திபுரத்தில் நீட் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை என்றால் மாதிரித் தேர்வு. நான் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசியில் எனக்கும் நேரம் காலம் கிடையாது. இந்த நான்கு பேருக்கும் நடுவில் என் மாமியார், எழுபதைத் தாண்டியவர். காலையும் இரவும் இன்சுலின். நாங்கள் வெளியிலிருந்து பார்சல் வாங்கிக்கொண்டு அவரவர் அறைக்குப் போய்விடும் நாட்களில், அவர் தனியாக உட்கார்ந்து இரண்டு தோசையைச் சாப்பிட்டுவிட்டு டிவி பார்ப்பார். பார்சலுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். பேக்கிங் கட்டணம், கொண்டுவந்து தரும் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து எங்கள் மளிகைச் செலவைத் தொட்டுவிட்டது. கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கே தெரியாமல் நடந்த கணக்கு அது.

அத்தைதான் கேட்டார். "எல்லாரும் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதம் சாப்பிடலாமே அம்மணி, எத்தனை நாளாயிற்று?" என்று. வேறு எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். மகளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை வந்தது, அன்றைக்கே வைத்துக்கொண்டோம். எட்டு மணிக்குச் சாப்பாடு. கணவர் ஏழரைக்கெல்லாம் பட்டறையைப் பூட்டிவிடுவதாகச் சொன்னார். மகனுக்கு எட்டு மணிக்கு வகுப்பு முடியும், எட்டேகாலுக்கு வந்துவிடுவான். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கப்போகிறோம் என்பதே ஒரு பண்டிகை மாதிரி இருந்தது. அத்தை மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், இரவு நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று. மாலையில் வழக்கமாகச் சாப்பிடும் சுண்டலையும் வேண்டாம் என்றுவிட்டார். பேரன் பேத்தியோடு உட்கார்ந்து சாப்பிடப் பசி வேண்டுமாம். இதைக் கவனியுங்கள். ஆபத்து இரவு எட்டு மணிக்குத் தொடங்கவில்லை. மதியமே தொடங்கிவிட்டது.

ஏழரைக்கு ஊசி போட்டுக்கொண்டார். அவருக்குக் கொடுத்திருந்தது 30/70 என்று சொல்லும் கலப்பு இன்சுலின். அதில் ஒரு பங்கு வேகமாக வேலை செய்வது, இன்னொரு பங்கு மெதுவாக, பல மணி நேரம் வேலை செய்வது. வேகமான பங்கு அரை மணி நேரத்தில் ரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிடும், இரண்டு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் அரை மணி நேரத்தில் சாப்பிடச் சொல்கிறார்கள். சோறு உள்ளே வரும் நேரமும் மருந்து கிளம்பும் நேரமும் சரியாகச் சந்திக்க வேண்டும். சோறு வராவிட்டாலும் மருந்து காத்திருக்காது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையை எடுத்துக் காலி செய்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எட்டு மணிக்குக் கணவருக்கு ஃபோன் செய்தால், "இன்னும் ஒரே ஒரு பீஸ், கால் மணி நேரம்" என்றார். பட்டறைக்காரர்களின் கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது அவர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். மகள் தையல் கடையில் கொடுத்த துணியை வாங்கிவரப் போனவள் அவிநாசி சாலையில் மாட்டிக்கொண்டாள். மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது, மழை வேறு. மகனுக்கு வகுப்பில் திடீர்த் தேர்வு. நான் அத்தையிடம் "நீங்கள் சாப்பிடுங்கள், அவர்கள் வரட்டும்" என்று சொல்லிப் பார்த்தேன். "இத்தனை நாள் தனியாகத்தானே சாப்பிட்டேன், இன்றைக்கு ஒருநாள் காத்திருந்தால் என்ன?" என்று கேட்டார். எனக்கு அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. பெரியவர்கள் காத்திருப்பதைப் பாசம் என்று நம் வீடுகளில் கொண்டாடுகிறோம். மகன் வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அந்தப் பெருமையின் மேல் இப்போது தீராத கோபம்.

ஒன்பது மணி இருக்கும். அத்தை என்னைத் திட்டத் தொடங்கினார். உப்பு ஜாடியை இடம் மாற்றி வைத்துவிட்டேன் என்று. ஜாடி வழக்கமான இடத்தில்தான் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் குரலை உயர்த்தாதவர் அன்றைக்கு எரிந்து விழுந்தார். பசி, பிள்ளைகள் வராத ஏமாற்றம் என்று நினைத்தேன். அதுதான் முதல் அடையாளம் என்று பிறகு டாக்டர் சொன்னார். சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். வயதானவர்களுக்கு அது அப்படியே வர வேண்டும் என்பதில்லை. காரணமில்லாத எரிச்சல், சம்பந்தமில்லாத பேச்சு, ஆளைப் பார்த்து விழிப்பது என்று மூளையின் பக்கமிருந்து முதலில் தெரியலாம். ரத்த அழுத்தத்துக்காக அடெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் அமுங்கிப்போகும். அத்தை அதையும் சாப்பிடுகிறார். வியர்வை மட்டும் அமுங்காது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே மழை. அவர் கழுத்தும் ரவிக்கையும் நனைந்திருந்தன. நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பெரியவர் ஒருவர் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்து, குளிர்ந்த உடம்பில் வியர்வை கண்டால், வேறு எதையும் யோசிக்காமல் சர்க்கரையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நான் பக்கவாதம் என்று நினைத்தேன். பேச்சு குழறியது, என் பெயரைச் சொல்ல முயன்று வேறு ஏதோ சொன்னார், நாற்காலியிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்தார். கணவருக்கு ஃபோன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. லேத் ஓடும்போது அவருக்குக் காது கேட்காது, ஃபோன் மேசை மேல் கிடக்கும். மகளுக்கு அடித்தால் அவள் வண்டியில். மாடி வீட்டு அக்கா ஓடிவந்தார். நான் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்க, அவர் "பக்கவாதம் என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்" என்றார். அவர் சொன்னதும் உண்மை. சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க நான் நினைத்ததிலும் நியாயம் உண்டு. எது பொருந்தும் என்பதைச் சொல்லக் கூடிய பொருள் வீட்டிலேயே இருந்தது. சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டரை எடுத்து அழுத்தினால் திரை வெறுமையாக இருந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது. நாணயம் அளவுள்ள ஒரு பேட்டரி! சர்க்கரை தாழ்வதும் பக்கவாதமும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், ஆஸ்பத்திரியில்கூடப் பக்கவாதம் என்று வருகிறவர்களுக்கு முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைத்தான் பார்ப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆகவே அந்தக் கருவியை மாதம் ஒருமுறையாவது எடுத்து அழுத்திப் பாருங்கள். ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப் டப்பாவில் காலாவதித் தேதியையும் பாருங்கள். மூடியைத் திறந்து போட்டு வைத்தால் ஸ்ட்ரிப் ஈரம் வாங்கித் தப்பான எண்ணைக் காட்டும். ஒரு பேட்டரியைக் கூடவே வாங்கி அதே பையில் போட்டு வையுங்கள்.

108-ஐ அழைத்தேன். அவர்கள் வருவதற்குள் அத்தை கண் மூடிவிட்டார். கூப்பிட்டால் முனகல் மட்டும். நான் தரையில் உட்கார்ந்து அவரை என் மடியில் சாய்த்துக்கொண்டு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன், மருதமலை முருகனிடம் தொடங்கி எங்கள் குலதெய்வம் வரை. அடுப்பின் மேல் குக்கர் நிறைய அரிசிம்பருப்பு. அதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வராமல் போன மூன்று பேர் மேலும் அப்படி ஒரு கோபம். ஆம்புலன்சில் வந்த உதவியாளர் இளம்பையன். அவன் முதல் கேள்வியே "சர்க்கரை இருக்கிறதா? ஊசி எப்போது போட்டார்? சாப்பிட்டாரா?" என்பதுதான். விரலில் குத்திப் பார்த்தான். 38. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு, ஐம்பத்துநான்குக்குக் கீழே போனால் அபாயம் என்பது கணக்கு. உடனே ஃபோனில் அவர்களுடைய டாக்டரிடம் பேசிவிட்டு, நரம்பில் ஊசி வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினான். சில நிமிடங்களில் அத்தை கண் திறந்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "பிள்ளைகள் வந்தாச்சா? சோறு ஆறிப் போயிருக்குமே" என்றார். நான் அப்போதுதான் அழுதேன்.

கண் திறந்துவிட்டார், இனி எதற்கு ஆஸ்பத்திரி என்று மாடி வீட்டு அக்காவே கேட்டார். பலரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுவார்கள், நிற்காதீர்கள். ஏற்றிய குளுக்கோஸ் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். கலப்பு இன்சுலினின் மெதுவான பங்கு விடிய விடிய வேலை செய்துகொண்டிருக்கும். சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். சில சர்க்கரை மாத்திரைகளுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றுக்கும், இந்தக் குணம் உண்டு. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இன்னும் நீளும். அதனால் இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்தார்கள். பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அங்கே பக்கவாதமும் இல்லை என்று உறுதி செய்ய மூளைக்கு ஸ்கேன், இதயத்துக்கு இசிஜி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு இரவு என்று எல்லாம் சேர்ந்து 42,000. மகளின் கம்பெனிக் காப்பீடு பெற்றோரோடு நின்றுவிடுகிறது, பாட்டிக்குக் கிடையாது. எங்கள் குடும்பப் பாலிசியிலும் வயதைச் சொல்லி அத்தையைச் சேர்க்காமல் விட்டிருந்தது. காப்பீடு இருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் செலவு கிடைக்கும். காலையில் தெம்பாக எழுந்து உட்கார்ந்துவிட்ட பாட்டியை மதியமே கூட்டிப்போகலாம் என்று சொல்வார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

அங்கே இருந்த இளம் பெண் டாக்டர் பொறுமையாக எனக்குச் சொன்னவை அத்தனையும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இப்போது ஒட்டியிருக்கின்றன. முதலில் அவர் கேட்டது, சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடியா ஆரஞ்சு மூடியா என்று. நம் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் பாட்டில்களில் மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. நாற்பதுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் மருந்தை நாற்பதின் சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். எங்கள் வீட்டில் அது சரியாகவே இருந்தது, ஆனால் அவர் கேட்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்தது, ஆள் விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். எழுபதைத் தாண்டவில்லையென்றால் இன்னொரு முறை. தாண்டியதும் சோறோ இட்லியோ கொடுத்து வயிற்றை நிரப்ப வேண்டும். சாக்லேட் கொடுக்கக் கூடாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைப்பது ஒன்றுதான் வழி.

நான் கேட்டு அதிர்ந்தது இன்னொன்று. வோக்லிபோஸ், அகார்போஸ் என்று சில மாத்திரைகள் உண்டு. சாப்பாட்டின் முதல் வாயோடு சாப்பிடச் சொல்வார்கள். வேறு சர்க்கரை மருந்துகளோடு ஒரே மாத்திரையாகச் சேர்ந்தும் வரும். இவை, நாம் போடும் சீனியைக் குடல் உடைத்து உறிஞ்சுவதையே தாமதப்படுத்துகின்றன. அதைச் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் சீனித் தண்ணீர் கைகொடுக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. உடைக்க வேண்டிய தேவையில்லாத குளுக்கோஸ் பொடிதான் வேண்டும், மருந்துக் கடையில் டப்பாவாகக் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் சிறிய எழுத்துகளை இன்றைக்கே படியுங்கள். புரியாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது குளுக்கோஸ் டப்பா மூன்று இடங்களில் இருக்கிறது: சமையலறையில், அத்தையின் தலைமாட்டில், அவர் கோயிலுக்கு எடுத்துப்போகும் பையில்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வீடு திரும்பியதும் கணவர் "இனிமேல் இந்தச் சேர்ந்து சாப்பிடுகிற வேலையே வேண்டாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேர்ந்து சாப்பிட நினைத்தது குற்றமா? எழுபது வயதுக்காரரின் ஊசியை மூன்று பேரின் "இதோ வந்துவிட்டேன்" உடன் முடிச்சுப் போட்டதுதான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் பட்டறை மேசையில் கிடந்த ஃபோனுக்குச் சட்டைப் பையில் இடம் கிடைத்தது, அதிரும்படி வைத்து. பிறகு அத்தையின் டாக்டரிடம் எல்லோரும் போனோம். எங்கள் வீட்டு நேரம் இப்படித்தான் இருக்கும், ஒருநாள் போல ஒருநாள் இருக்காது என்று ஒளிக்காமல் சொன்னோம். அவர் இரவு ஊசியை மட்டும் வேறு வகைக்கு மாற்றினார். அதைச் சாப்பிட உட்காருவதற்குச் சற்று முன்னால் போட்டுக்கொண்டால் போதும், அரை மணி நேர இடைவெளி வேண்டியதில்லை. விலை பழைய மருந்தைப் போலப் பல மடங்கு. ஆனால் பார்சல் செலவில் பாதியைக் குறைத்தாலே அது வந்துவிடுகிறது. எல்லோருக்கும் இந்த மாற்றம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்ல வருவது, டாக்டரிடம் மருந்தைப் பற்றி மட்டும் பேசாமல் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைப் பற்றியும் பேசுங்கள் என்பது. கிருத்திகை, சஷ்டி, புரட்டாசிச் சனி என்று விரதம் இருக்கும் பெரியவர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் விரதத்தை விட மாட்டார்கள், ஊசியையும் வழக்கமான அளவே போட்டுக்கொள்வார்கள்.

வீட்டுக்குள் நாங்களாக வைத்துக்கொண்ட விதிகளும் உண்டு. சோறு வெந்து தட்டு எடுத்து வைக்கும்வரை ஊசியை ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பதில்லை. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று ஃபோனில் வரும் செய்திக்கு எங்கள் வீட்டில் மதிப்புக் கிடையாது. எட்டு மணிக்கு யார் இருக்கிறார்களோ அவர்களோடு அத்தை சாப்பிடுவார். பிந்தி வருகிறவர்கள் சாப்பிடும்போது அவர் ஒரு டம்ளர் மோரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஆரம்பத்தில் ஒப்புக்கொள்ளவே இல்லை. "நான் முதலில் சாப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பதா?" என்றார். பேரன்தான் சமாளித்தான். அவன் ஒன்பது மணிக்குச் சாப்பிடும்போது ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய உயிரியல் பாடத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். கணையம், இன்சுலின் என்று அவன் ஒப்பிக்க, இவர் தன் கதையைச் சொல்வார். ஐந்து மணிச் சுண்டலுக்கும் விலக்கு இல்லை, விருந்து நாளானாலும்.

சேர்ந்து சாப்பிடும் நாளுக்குச் சமையல் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நான்கு வகை செய்யப்போனால் நேரம் தள்ளிப்போகும், செய்தவளுக்கு உட்காரத் தெம்பிருக்காது. அரிசிம்பருப்பு சாதம் அதற்கென்றே பிறந்தது. ஐந்து பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் துவரம்பருப்பு, எட்டு டம்ளர் தண்ணீர். கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயமும் பத்துப் பன்னிரண்டு பல் பூண்டும் வதக்கி, தக்காளி, மஞ்சள், தட்டிய மிளகு போட்டு, கழுவிய அரிசி பருப்பைக் கொட்டிக் குக்கரை மூடினால் மூன்று நான்கு விசிலில் வேலை முடிந்தது. குழைவாக இருக்க வேண்டும், பொலபொலவென்று வந்தால் அது வேறு ஏதோ. மேலே நெய், சுட்ட அப்பளம், தயிர். அத்தைக்குச் சாதத்தை அளந்து வைத்து, அவரைக்காய்ப் பொரியலைக் கூடுதலாக வைப்பேன். வேலையிலிருந்து ஆறரைக்கு வந்தாலும் ஏழரைக்குள் எல்லாம் தயார்.

இந்த ஏற்பாட்டில் ஐந்து பேரும் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் இரவுக்காகக் கணவர் ஓர் அவசர வேலையை வேறு பட்டறைக்கு விட்டுக்கொடுத்தார். அதில் கிடைத்திருக்க வேண்டிய பணத்தை நினைத்து முதல் பத்து நிமிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிடம் யாருக்குமே என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவர்கள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தோம். பிறகு மகள் தன் அமெரிக்க மேலதிகாரி பேசுகிற மாதிரி பேசிக்காட்டத் தொடங்கினாள். அத்தைக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். சாப்பிட்டு முடித்த பிறகு மகன் அவர் விரலில் குத்திப் பார்த்தான். இப்போது அவன்தான் அந்தக் கருவிக்குப் பொறுப்பாளன், பேட்டரி உட்பட. நாளைக்கு டாக்டர் ஆகிறானோ இல்லையோ, எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்ய ஒருவர் தேவைப்பட்டது.

அத்தைக்குப் பூண்டு போதவில்லையாம். அடுத்த முறை அரிசிம்பருப்பு வேண்டாம், கொள்ளுப் பருப்பு கடைந்து சுடுசோறு போதும் என்று சொல்லியிருக்கிறார். கொள்ளை முதல் நாள் இரவே ஊறப் போட வேண்டும், இல்லையென்றால் வேக நேரமாகும், எட்டு மணி தப்பிவிடும். புதன்கிழமை இரவு ஊறப் போடுவது கணவரின் பொறுப்பு என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதியிருக்கிறேன்.